நூஹ் நபியின் கப்பலைத் தொட்ட கை

கேமரன் மலைச் சாலையின் வளைவுகளை எண்ணிக்கொண்டு போனால் வாந்தி வரும் என்று எச்சரித்திருந்தார்கள். நான் எண்ணவில்லை. ஆனாலும் வந்தது. பேரன் ஆதில் காரை ஓரங்கட்டி, தண்ணீர் போத்தலை நீட்டியபடி, விமான நிலையத்தில் சொன்னதையே மறுபடியும் சொன்னான்.

"அப்பா, அங்க வந்து வரலாறு மட்டும் பேசாதீங்க."

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தாவை அப்பா என்றுதான் அழைப்போம். நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். என்னிடம் இப்படிச் சொல்வது, சமையல்காரரைக் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போகாதே என்பது மாதிரி. சரி என்று தலையாட்டினேன். வாய் நிறையத் தண்ணீர் இருந்தது.

நான் போன காரியம் சுலபமானது. ஆதில் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். அங்கே படித்துக்கொண்டிருந்த நஸ்ரினை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அவள் தாய் தகப்பனை இழந்தவள். கேமரன் மலையில், தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஹாஜி மைதீன், அவளுடைய தாயின் தந்தை, அவள் அழைக்கும் நன்னா, அவளை வளர்த்தவர். என் மகனுக்கு வளைகுடாவில் விடுப்பு கிடைக்கவில்லை. ஆகவே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவனாக நான் போய், சாப்பிட்டு, சிரித்து, தேதி பேசி முடித்துவிட்டு வர வேண்டும். இதில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

தானா ராத்தாவில் மூடுபனி மனிதர்களைப் போலக் கடைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. ஹாஜி மைதீன் கைலிக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, அதற்கும் மேலே துண்டு போட்டிருந்தார். என்னைக் கண்டதும் கல்லாவிலிருந்து இறங்கி வந்து கட்டிக்கொண்டார்.

"வாங்க சம்மந்தி! மொதல்ல சூடா குடிங்க லா. பேச்செல்லாம் அப்புறம்."

பேச்சின் வாலில் லா போடுவது மலேசியப் பழக்கம். இன்னும் பேச்சே தொடங்கவில்லை, அதற்குள் சம்மந்தி. என் மனம் குளிர்ந்தது. உடம்பு முன்பே குளிர்ந்திருந்தது. தேநீரை ஒரு கை உயரத்திலிருந்து இழுத்து ஊற்றினார்கள். எங்கள் ஊரில் டீயில் நுரை அதிகமானால் ஏமாற்றுகிறான் என்போம். இங்கே நுரை குறைந்தால் கோப்பையைத் திருப்பி அனுப்புகிறார்கள். ரொட்டி சானாய், பருப்பு, மீன் குழம்பு, ஆட்டுக்கறி எல்லாம் வந்தன. நஸ்ரின் எனக்கு எதிரே உட்கார்ந்து நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை செய்கிறாள் என்று ஆதில் சொன்னதும்தான் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு படம் தொங்கியது. ஆதம் நபியிலிருந்து முகம்மது நபி வரை, வேதத்தில் பெயர் வரும் நபிமார்களை ஒரே மரத்தின் இலைகளாக எழுதிய படம். நம் ஊர்களிலும் பார்த்திருப்பீர்கள். அதை நான் பார்த்ததை ஹாஜி பார்த்துவிட்டார்.

"சம்மந்தி, நீங்க வரலாறு படிச்சவங்க. இதுல உள்ளவங்கள்லாம் நெசமா இருந்தாங்கன்னு வெள்ளக்காரன் ஒத்துக்குற மாதிரி சான்று இருக்கா? நேத்து ஒரு டூரிஸ்ட்டு கேட்டான். பதில் தெரியாம ரொட்டிய சும்மா குடுத்து அனுப்பிட்டேன் லா."

நான் எழுந்துவிட்டேன். மேசைக்கடியில் ஏதோ என் காலை இடித்தது. கடைப் பூனை என்று நினைத்தேன். அது ஆதிலின் செருப்பு.

மரத்தின் உச்சியிலிருந்து ஆரம்பித்தேன். முகம்மது நபிக்குச் சான்றுக்குப் பஞ்சமில்லை. அவர் மறைந்து ஒரு தலைமுறைக்குள்ளேயே, அவரை ஏற்றுக்கொள்ளாத சிரியக் கிறிஸ்தவர்களும் ஆர்மீனியர்களும் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த நூற்றாண்டு நாணயத்திலேயே அவர் பெயர் உண்டு. ஹாஜி என் தட்டில் ஒரு துண்டு கறி வைத்தார். கிறிஸ்தவர்கள் வணங்கும் ஈசா நபியை ரோமானிய வரலாற்றாசிரியர் ஒருவர் குறிப்பிடுகிறார். இன்னொரு துண்டு. யஹ்யா நபியைப் பற்றி ஒரு யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். எலும்போடு ஒரு துண்டு. தாவூது நபிக்கு ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது; "தாவூதின் வீடு" என்று ஓர் அரச வம்சத்தை அது சொல்வதாகப் பெரும்பாலோர் வாசிக்கிறார்கள். ஹாஜி கறிச் சட்டியையே என் பக்கம் நகர்த்திவிட்டார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் வாத்தியார், பாதி வகுப்பில் வருகைப் பதிவை நிறுத்தத் தெரியாது.

"சுலைமான் நபி, இல்லை. மூசா நபி, எகிப்தியர் பதிவுகளில் இல்லை. யூசுப் நபி, இல்லை. இப்ராஹீம் நபி, இல்லை. நூஹ் நபி, வெள்ளக் கதைகள் களிமண் பலகைகளில் இருக்கு, ஆனா ஆளுக்குன்னு தனியா சான்று இல்லை."

கறி நின்று வெகு நேரமாகிவிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

"அப்ப இப்ராஹீம் நபி இல்லைங்கிறீங்களா?" என்றார் ஹாஜி.

"சான்று இல்லைங்கிறேன்."

"வருசா வருசம் பெருநாளுக்கு ஆடு அறுக்குறோமே, யாரு நெனவா அறுக்குறோம்?"

"அது நம்பிக்கை ஹாஜி. நான் பேசுறது சான்று."

சான்று கிடைக்கவில்லை என்பதால் ஆள் இருந்ததில்லை என்று ஆகிவிடாது. ஆடு மேய்த்துக் கூடாரத்தில் வாழ்ந்தவருக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லும் பாடம் இது. என் நம்பிக்கையும் இதுதான். அன்றைக்கு இது மட்டும் என் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக, சான்றை எப்படி எடை போடுவது என்று ஒரு கதை சொன்னேன்.

நபிமொழிகளைத் தேடித் தொகுத்த பெரியவர் ஒருவர், ஒரு நபிமொழியைக் கேட்டு வாங்க நெடுந்தூரம் நடந்து ஓர் ஆளைத் தேடிப் போனார். அந்த ஆள் காலி மடியைக் காட்டி, தீவனம் இருப்பது போலப் பாவனை செய்து, ஓடிப்போன மாட்டை அழைத்துக்கொண்டிருந்தான். பெரியவர் ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டார். மாட்டிடம் பொய் சொல்கிறவன் மனிதரிடமும் சொல்வான். சொல்கிறவர் பலமானவரென்றால் செய்தி ஸஹீஹ், நம்பத் தக்கது. அவர் பலவீனமானவரென்றால் செய்தி லயீஃப், அதுவும் பலவீனமானது.

ஹாஜி கவனமாகக் கேட்டார். "நல்ல கதை, சார்," என்றார்.

சார். கறி போனதைவிட இது பெரிய இழப்பு.

"தேதியப் பத்தி யோசிச்சுச் சொல்றேன் சார். குளுரா இருக்கு, போய்ப் படுங்க."

மறுநாள் காலை நஸ்ரின் எங்களைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனாள். மலைச்சரிவு முழுவதும் தேயிலை, வெட்டிச் சீராக்கிய தலைமுடி மாதிரி. கீழே சாலையோரம் எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக் ஸ்ட்ராபெரிப் பழங்கள், தலையணையாகவும் தொப்பியாகவும். ருசி பார்க்கும் அறையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. தேநீரைக் கரண்டியில் எடுத்து, ஊரே கேட்கும்படி உறிஞ்சி, துப்பிவிட வேண்டும். அப்படி உறிஞ்சினால் எங்கள் வீட்டில் அடி விழும். நான் மரியாதைக்காக எதையும் துப்பாமல் விழுங்கினேன். கடைசிக் கோப்பைக்கு வரும்போது ஒரு வாரத் தேநீர் எனக்குள் போயிருந்தது.

"அப்பா," என்றாள் நஸ்ரின். என்னை ஆதில் அழைப்பது போலவே அழைத்தாள். "நேத்து நீங்க சொன்னது தப்பில்ல. சொன்ன எடந்தான் தப்பு. எங்க நன்னா மனசு வைக்கலைன்னா நான் மீறி வர மாட்டேன். அவங்கதான் என்னைய வளத்தாங்க. ஆதிலுக்கும் அது தெரியும்."

ஆதில் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஹாஜி தன் வேனில் எங்களை ஏற்றிப் போக வந்தார். வார இறுதிக்கு ஊர் ஏறி வரத் தொடங்கியிருந்தது, மலை முழுவதும் கார்கள். வேன் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது, பிறகு புகைந்தது. அவ்வளவுதான். ஆதிலும் நஸ்ரினும் வேனோடு நிற்க, அந்த வழியாக ஊர்ந்து வந்த காய்கறி லோரியை ஹாஜி கைகாட்டி நிறுத்தினார். ஓட்டியவர் முனியாண்டி. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். இப்போது கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப் போகிறார். ஹாஜி கடையின் பழைய வாடிக்கை. முன்னிருக்கையில் ஏறியதும் எனக்கும் தனக்கும் நடுவில் ஹாஜி ஒரு முட்டைக்கோஸ் கூடையை வைத்துக்கொண்டார். சீனப் பெருஞ்சுவரெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"ஐயா இந்தியாங்களா?" என்றார் முனியாண்டி. "மழ பெய்யல, தப்பிச்சீங்க. மழைன்னா இங்க மழ லா! அந்த வருசம் லெம்பா பெர்த்தாம்ல சேறு வந்துச்சு பாருங்க, எந்தங்கச்சி வீட்டுல ஐஸ்பெட்டி மெதந்து வாசலுக்கு வந்துருச்சு. இப்பப் போய்ப் பாத்தா அதே எடத்துல தக்காளி காச்சி நிக்குது. சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான்."

ஹாஜி சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "நூஹ் நபி காலத்து வெள்ளமும் அப்படித்தான். ஆனா சார்கிட்ட கேட்டா சான்று இல்லம்பாரு."

"இருக்கு," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால், ஆதில் என்னைப் பார்க்காமல் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றதைத்தான் சொல்ல வேண்டும். வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

"அந்தக் கப்பலோட பலகை ஒண்ணு கிடைச்சிருக்கு ஹாஜி. துருக்கியில. ஒரு மாநாட்டுக்குப் போனப்ப காட்டினாங்க. இந்தக் கையாலதான் தொட்டேன்."

நான் துருக்கிக்குப் போனதே இல்லை. அந்தக் கை அப்போது தொட்டுக்கொண்டிருந்தது லோரியின் கதவை.

ஹாஜி மெதுவாகத் திரும்பினார். நடுவிலிருந்த கூடையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "சம்மந்தி! இத ஏன் நேத்தே சொல்லல?"

"ஆராய்ச்சி இன்னும் முடியல. வெளியில சொல்லக்கூடாது."

இது இரண்டாவது பொய். ஒரு செய்தி பரவ வேண்டுமானால் இதைவிட நல்ல வழி இல்லை. லோரி டவுனை அடைவதற்குள் தேதி முடிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு, கடை மாடியில் நபி புகழ் பாடும் மவ்லூது ஓதி நிச்சயம். இறங்கும்போது முனியாண்டி என் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனால், நான் உட்காரும் நாற்காலிக்கு மேல் ஒரு துண்டு விரித்திருந்தார்கள். தேநீர் இழுப்பவர் வந்து கை கொடுத்தார். சமையலறையிலிருந்து ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். வாடிக்கையாளர்கள் கை கொடுத்தார்கள். ஹாஜி கல்லாவிலிருந்து, "வலது கை, வலது கை!" என்று ஒழுங்குபடுத்தினார். திரிங்காப்பிலிருந்து பூ ஏற்றி வந்த ஒருவர் பலகை என்ன மரம் என்று கேட்டார். தேக்கு என்றேன். ஹாஜி, "நான் அப்பவே நெனச்சேன்," என்றார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கலாமா என்பது போல ஒரு பெரியவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆதில் என்னைத் தனியே பிடித்தான். "அப்பா, நீங்க துருக்கிக்கு எப்பப் போனீங்க?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி."

தேக்கையும் சேர்த்தால் நான்காவது பொய். அவன் துண்டு விரித்த என் நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

இதுவரைக்கும் நான் வெட்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது. வகுப்பில் உண்மையைச் சொன்ன காலமெல்லாம் பின் பெஞ்சு தூங்கியது. இங்கே ஒரு பலகைப் பொய், ஊரே விழித்திருக்கிறது.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு பெண் வந்தாள். பிரிஞ்சாங்கில் துணிக்கடை வைத்திருப்பவரின் மருமகளாம். இடுப்பில் ஒரு சின்னப் பெண்குழந்தை. குழந்தையின் மூச்சில் விசில் சத்தம்.

"மாமா, இதுக்குக் குளுரு ஒத்துக்கல. இந்தக் கையால நெஞ்சத் தடவி ஒரு துஆ செய்ங்க. டாக்டர் குடுத்த மருந்த நிறுத்திப் பாக்கலாம்னு இருக்கேன்."

"மருந்தை நிறுத்தாதே!" என்று கத்திவிட்டேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் சிரித்தாள். "கப்பலத் தொட்ட கை இருக்கு. அப்புறம் என்ன மாமா?"

குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. இறைவனிடம் கேட்டு துஆ செய்தேன், அதில் பொய் இல்லை. மருந்தை நிறுத்தக் கூடாது என்று மறுபடி சொன்னேன், மறுபடியும் சொன்னேன். நான் அடக்கத்தினால் அப்படிச் சொல்கிறேன் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். பெரியவர்கள் அப்படித்தானே சொல்வார்கள்! நான் சொல்லும் பொய்யை நம்புகிறாள், உண்மையை நம்ப மறுக்கிறாள். அறைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்துவிட்டது. மவ்லூது ஓதினார்கள். பன்னீர் தெளித்தார்கள், குளிரில் பன்னீர் பட்டால் பக்தியைவிட நடுக்கம்தான் அதிகம் வருகிறது. தட்டுகளில் பேரீச்சம்பழம், கேசரி, இதிலும் ஸ்ட்ராபெரி. வாசல் பக்கம் முனியாண்டி வெள்ளைச் சட்டையில் நின்றார். அந்தப் பெண் குழந்தையோடு பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தாள். ஹாஜி எழுந்தார். "தேதி அறிவிக்கிறதுக்கு முன்னாடி, சம்மந்தி அந்தப் பலகையப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுவாங்க."

எழுந்தேன். ஆதிலைப் பார்த்தேன். இந்தத் தடவை அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் துருக்கிக்குப் போனதில்ல," என்றேன். "பலகை எதையும் தொட்டதில்ல. அப்படி ஒண்ணு கிடைச்சதுக்குச் சான்றும் இல்ல. மொத நாள் ஹாஜி மனசு கோணும்படி பேசிட்டேன். கல்யாணம் நின்னுருமோன்னு பயந்து லோரியில பொய் சொன்னேன். சான்று இல்லைங்கறதால நபி இல்லைன்னு ஆகாது. நான் நம்புறதும் அதுதான். அத மொத நாளே சொல்லியிருக்கணும், சொல்லல. இந்தக் கையில ஒண்ணும் இல்ல. அம்மா, குழந்தைக்கு மருந்த விட்டுறாதே."

அந்தப் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். சரி என்று மெதுவாகத் தலையை அசைத்தாள்.

"அடக் கடவுளே," என்றார் முனியாண்டி வாசலிலிருந்து. "அந்தக் கையப் புடிச்ச கையோட போயி நான் லாட்டரிக் கடையில நாலு நம்பர் எழுதிட்டேனே!"

"அடிச்சுதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க அடிச்சுது? அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு லா!"

சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மாடியே குலுங்கியது. ஹாஜி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப தாவூது நபி கல்லு?" என்றார்.

"அது உண்மை ஹாஜி."

"ரோமாபுரிக்காரர் எழுதுனது?"

"அதுவும் உண்மை."

"அத எப்படி சார் நான் நம்புறது?"

வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த கல்வெட்டு, நாணயம், எல்லாம் அந்த ஒரு தேக்குப் பலகையோடு மூழ்கிப்போனது.

"அந்த மாட்டுக் கதையில வர்ற பெரியவரு உங்களத் தேடி வந்திருந்தாருன்னா?"

"திரும்பிப் போயிருப்பார்."

"லயீஃப்," என்றார் ஹாஜி, தீர்ப்புச் சொல்வது போல. பிறகு ஆதில் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒனக்கு இது தெரியுமா?"

"நேத்தே தெரியும்," என்றான் ஆதில். "அப்பா துருக்கிக்குப் போனதே இல்ல. நான் வாயத் தெறக்கல. கல்யாணம் நின்னுரும்னு பயம். தப்புதான்."

நஸ்ரின் அவனைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். கோப்பையை உறிஞ்சி முடித்து, துப்பலாமா என்று யோசிக்கும் பார்வை. பிறகு தன் நன்னாவிடம் லேசாகத் தலையாட்டினாள்.

ஹாஜி தாடியைத் தடவினார். "நான் ஓதுன பள்ளிக்கூடத்துல ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க. பலகீனமான ஆளு சொன்ன சேதிய, வேற ஒரு நல்ல ஆளும் சொன்னா அது நிக்கும். பையன் கேட்ட ஒடனே உள்ளதச் சொல்றான். இந்தக் கெழவரும் கேக்காமலே இப்பச் சொல்லிட்டாரு, லேட்டாத்தான். தேதி மாறாது." ஒரு விரலை என் பக்கம் நீட்டினார். "ஆனா சார், இனிமே நீங்க எது சொன்னாலும் ரெண்டாவது ஆளு ஒண்ணு வேணும்."

அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை, மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன். தேநீர் இழுப்பவர் ஆதிலைப் பார்த்து, "நெசமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சமையலறைக்குச் சொன்னார். தாவூது நபிக் கல்வெட்டின் படத்தைக் கைபேசியில் தேடி ஹாஜியிடம் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "படம் நல்லாருக்கு. காட்டுற ஆளுதான் சரியில்ல." கொஞ்ச நேரத்தில் ஒரு வெளிநாட்டுப் பயணி அந்த மரப் படத்தைக் காட்டி ஏதோ கேட்டான். ஹாஜி மலாயும் ஆங்கிலமும் கலந்து பதில் சொன்னது என் காதில் விழுந்தது. சான்று நிறைய இருக்கிறதாம், ஆனால் சொன்னவர் கொஞ்சம் பலவீனமாம். என்னைக் கையால் காட்டவும் காட்டினார். பயணி எனக்கு மரியாதையாகத் தலை வணங்கினான்.

கிளம்பும் நேரம். எல்லாரும் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். பை நிறையத் தேயிலையும் கொஞ்சம் ஸ்ட்ராபெரியும் கொடுத்தார்கள். ஆதில் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். நான் சன்னலை இறக்கி ஸலாம் சொன்னேன். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

"மழ தூறுது," என்றேன். "எல்லாரும் உள்ள போங்க."

ஒருவரும் அசையவில்லை. ஹாஜி நஸ்ரினைப் பார்த்தார். தேநீர் இழுப்பவரும் அவளைப் பார்த்தார். நஸ்ரின் உள்ளங்கையை வானத்துக்குக் காட்டிக் காத்திருந்தாள். பிறகு கையைக் கிட்டே கொண்டுவந்து, தரம் பார்ப்பது போல, நிதானமாகப் பார்த்தாள்.

"ஸஹீஹ்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் எல்லாரும் கடைக்குள் ஓடினார்கள். உள்ளேயிருந்து ஹாஜியின் குரல் வந்தது.

"கண்ணாடிய ஏத்துங்க சம்மந்தி, நனையிறீங்க!"

ஏற்றினேன். அவ்வளவு அவசரமாக அல்ல.